இரண்டு கிளாஸ் ஸிபிப்போ

வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் ஐந்து கிளாஸ்கள். ஜன்னலுக்கு வெளியே, மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள லொங்குய்யில், எங்கள் ஒஃபீஸ் கார்ப் பார்க்கில், உருகியும் உருகாமலும் கிடந்த பழைய பனி. மார்ச் மாதமாக இருக்க வேண்டும். மார்ச்சில்தான் பனி அந்தச் சாம்பல் நிறத்துக்கு வரும்.

நான் இரண்டாவது கிளாஸை எடுத்தேன். தண்டில் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடினேன். வைன் வாங்க வந்திருந்த ஆறு உணவகக்காரர்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்கள்.

"தோடம்பூ," என்றேன். "அதுக்குப் பின்னால காய்ஞ்ச அப்ரிகொட். கடைசியில கல்லிடுக்கில முளைக்கிற தைம் இலை."

பேனாக்கள் எழுதின.

உண்மையில் அந்தக் கிளாஸுக்குள் எனக்கு ஒன்றுமே இல்லை. குழாய்த் தண்ணீரை மணந்தால் எப்படியோ அப்படி. நான் சொன்னது எல்லாம் பழைய கொப்பி ஒன்றில் பாடமாக்கியது.

மேசையின் மறு முனையில் ரொசாலியா இருந்தாள். அந்த வைனைச் செய்தவள் அவள்தான். மத்தியதரைக் கடலில் உள்ள தன் தீவிலிருந்து முதல் தடவையாக மொன்றியலுக்கு வந்திருந்தாள். தன் கிளாஸை எடுத்து ஒருமுறை மணந்தாள். பிறகு கிளாஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த உணவகக்காரர் தன் கிளாஸை ஒரு விரலால் மெல்லத் தள்ளி வைத்தார்.

"இந்தப் போத்தல் பயணத்தில களைச்சுப் போச்சு," என்றாள் எல்லோருக்கும் கேட்க. "இன்னொண்டு திறப்பம்."

வைன் பயணத்தில் களைப்பது உண்டு. ஆனால் அது களைத்த வைன் இல்லை, தக்கை கெட்ட வைன். தக்கையில் ஒருவகைப் பூஞ்சணம் பிடித்துவிட்டால் போத்தல் முழுவதும் நனைந்த மட்டைப் பெட்டி போல நாறும். வைன் படிக்காதவருக்கும் அது தெரியும். அன்று ஒவ்வொரு போத்தலையும் திறந்து, மணந்து, 'சரி' என்று மேசைக்கு அனுப்பியவள் நான்.

(நாங்கள் எல்லோரும் கதைத்தது பிரெஞ்சில். எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.)

மூக்கால் வந்த வேலை

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறவர்களுக்கு அன்ரனைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக: அன்ரன் என் கணவர். என்னை மன்னாரிலிருந்து இங்கே கூப்பிட்டவர். நான் வந்து ஏழாம் வருடம், ஒரு சனிக்கிழமை காலையில், சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போனார். பிள்ளைகள் இல்லை. கார்ட்டியர்வில்லில் இரண்டு அறை வீடு. ஒரு அறை இன்றுவரை சும்மா கிடக்கிறது.

அவர் போனபிறகு எனக்குக் கிடைத்த வேலை, வைன் இறக்குமதி செய்யும் சின்னக் கொம்பனி ஒன்றில் போத்தல்களுக்குப் பின்பக்க ஸ்டிக்கர் ஒட்டுவது. மெஷினுக்குப் போகாத கோணல் போத்தல்கள் என் கைக்கு வரும். முதலாளி லூக் என்னைவிடப் பத்து வயது இளையவர். றெஜினா என்ற என் பெயரை முதல் நாளே 'ரெஷீன்' ஆக்கிவிட்டார்.

ஒருநாள் அவர் ஒரு போத்தலைத் திறந்து என் மேசையைத் தாண்டிக் கொண்டுபோனார். நான் ஸ்டிக்கரில் இருந்து தலை நிமிராமலே, "அது பழுதாப் போச்சு," என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"நனைஞ்ச சாக்கு மணக்குது."

அவர் நின்றார். கிளாஸில் ஊற்றினார். மணந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு அது பிடிபட்டது. அடுத்த கிழமை என்னை, வைன் மணந்து ருசி பார்க்கப் படிப்பிக்கும் பின்னேர வகுப்பு ஒன்றில் சேர்த்துவிட்டார்.

வகுப்பில் எனக்குக் கஷ்டமாக இருந்தது மணம் இல்லை, சொல். பிளாக் கரன்ட், குவின்ஸ், கூஸ்பெரி என்று அவர்கள் சொன்ன பழங்களை நான் கண்ணால் கண்டதே கிடையாது. ஆகவே கொப்பியில் நடுவே கோடு இழுத்து, ஒரு பக்கம் எனக்குத் தெரிந்ததை எழுதினேன்: 'நெல் அவியும் ஆவி', 'பூசை முடிந்த தூபக்கால்', 'மழைக்கு முதல் கிணற்றடி', 'வெயிலில் வைத்த எலுமிச்சை ஊறுகாய்.' மறுபக்கம் அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர். இப்படி ஒன்பது கொப்பிகள். வகுப்பு முடிந்ததும் லூக் என்னை ஸ்டிக்கர் மேசையிலிருந்து எடுத்து, வைனை மணந்து சொல்லும் வேலையில் வைத்தார்.

முந்திரிகை என்ற சொல்லாலும் ஒரு கரைச்சல். மன்னாரில் நாங்கள் திராட்சையைத்தான் முந்திரிகை என்போம். மெட்ரோவில் பழக்கமான சென்னைப் பெண் ஒருத்திக்கு 'முந்திரிகைத் தோட்டம், முந்திரிகை வைன்' என்று நான் என் வேலையை அரைமணி நேரம் விளங்கப்படுத்தினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முந்திரிப் பருப்புல இவ்ளோ சாறு வருமா?" என்றாள்.

ரொக்ஸ்பரோவில் இருக்கும் என் அண்ணைக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. கோயில் முடிந்து யாராவது கேட்டால், "தங்கச்சி இம்போர்ட் ஒஃபீஸில," என்று சொல்லி வேறு கதைக்குப் போய்விடுவார். எனக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. அந்த நகரத்தில் நான் வாயைத் திறக்க மற்றவர்கள் பேனாவோடு காத்திருந்த ஒரே இடம் அந்த மேசை.

காற்றுக்கு ஒளித்த கொடிகள்

ரொசாலியாவின் தோட்டம் பாந்தெல்லேரியா என்ற தீவில் இருக்கிறது. சிசிலிக்கும் துனிசியாவுக்கும் நடுவே, எரிமலை கக்கிய கறுப்புக் கல். லூக்கோடு ஒரே ஒருமுறை போனேன். அப்போது அவளுடைய கணவர் பியேத்ரோ உயிரோடு இருந்தார்.

விமானத்தால் இறங்கியதும் முதலில் காற்றுத்தான் வந்து முட்டியது. அது ஓய்கிற காற்று இல்லை. ஓய்ந்தால்தான் ஆட்கள் வெளியே வந்து என்னவென்று பார்ப்பார்களாம். வழியில் ஒரு கழுதையைக் கண்டு நான் காரை நிற்பாட்டச் சொன்னேன். மன்னாரும் தீவுதான், காற்றுத்தான், கழுதைதான். லூக்குக்கு ஏன் என்று விளங்கவில்லை.

கொடிகளை முதலில் தேட வேண்டியிருந்தது. பந்தல் இல்லை, கம்பி இல்லை. ஒவ்வொரு கொடிக்கும் நிலத்தில் ஒரு குழி வெட்டி, அதற்குள் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் வளர்த்திருந்தார்கள். காற்று மேலால் போய்விடும். பழம் பறிக்கிறவர் நாள் முழுதும் முதுகை வளைத்தபடி நிற்க வேண்டும்.

ஒரு மூலையில் ஆள் உயரத்துக்கு மேலே வட்டமாகக் கல்மதில் ஒன்று நின்றது. கூரையில்லை. சின்னக் கதவு. கிணறு என்று நினைத்தேன். பியேத்ரோ கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரே ஒரு தோடை மரம், ஆரஞ்சு. காற்றிலிருந்து அந்த ஒரு மரத்தைக் காப்பாற்ற அவருடைய முப்பாட்டனார் கட்டிய மதில். மரம் மதிலின் உயரத்துக்கு மேலே வளரவேயில்லை, மேலே எட்டிய கிளைகளைக் காற்று சீவிவிட்டிருந்தது.

அவர்களிடம் நாலைந்து இனங்கள் இருந்தன. வெள்ளையில் கத்தராத்தோ: எலுமிச்சையும் உப்பும் கலந்த, அதிகம் கதைக்காத பழம். சிவப்பில் நேரோ தாவொலா, கொஞ்சம் கரிஞ்ஞானோ. ஆனால் அந்தத் தீவின் உயிர் ஸிபிப்போ. மஸ்கட் குடும்பத்துப் பழம். பச்சையும் பொன்னுமாக, பெரிய மணியாக இருக்கும். அரபியில் காய்ந்த முந்திரிகைக்குள்ள சொல்லில் இருந்து வந்த பெயராம். நாங்கள் பாயாசத்துக்குப் போடுகிற, ஊரில் 'பிளம்ஸ்' என்று சொல்கிற அதே சாமான்.

ஸிபிப்போவில் அவர்கள் இரண்டு வைன் செய்வார்கள். ஒன்று இனிப்பில்லாதது. மற்றது பாசித்தோ. முதலில் பழுத்த குலைகளை வெயிலில் பரப்பிக் காய வைப்பார்கள். பின்னால் பழுத்தவற்றைப் பிழிந்து, சாறு நுரைத்துப் பொங்கும்போது காய்ந்த பழங்களைக் கையால் உதிர்த்து அதற்குள் போடுவார்கள். எத்தனை நாள் விடுவது, எப்போது எடுப்பது என்பது பியேத்ரோவின் வேலை. கணக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு காலையும் போய்க் குனிந்து மணப்பார். ரொசாலியா தோட்டத்தையும் ஆட்களையும் பார்த்தாள்.

நான் கொப்பியில் எழுதியதை எட்டிப் பார்த்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்டாள் ரொசாலியா. தமிழ் என்றேன். "எங்கட வைனுக்கு இவ்வளவு வளைவு இருக்கோ?" என்றாள்.

பால்

உலகம் முழுக்க வந்த அந்த வருத்தம் எனக்கும் வந்தது. பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஐந்து நாள் காய்ச்சல், ஒரு கிழமை இருமல். எழும்பிய அன்று பாண் வாட்டப் போட்டுவிட்டு ஜன்னலடியில் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது குசினி முழுக்கப் புகை. புகையைக் கண்டேன், மணக்கவில்லை.

ஒரு மாதத்தில் வரும் என்றார் டொக்டர். பிறகு ஆறு மாதம் என்றார். பிறகு, "சிலருக்கு இப்படித்தான்," என்றார்.

மணம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று தனியாக இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். சட்டை தோய்த்ததா இல்லையா தெரியாது. நான் நாறுகிறேனா தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு தரம் குளித்தேன். அன்ரனின் குளிர்ச்சட்டை ஒன்றை அலுமாரியில் வைத்திருந்தேன். வருடங்கள் போனாலும் அதன் கழுத்துப் பட்டியில் கொஞ்சம் அவர் இருந்தார். அதற்குள் முகத்தை வைத்துப் பார்த்தேன். துணி.

ஒருநாள் பால் பழுதா என்று தெரியவில்லை. கேட்க வீட்டில் ஆள் இல்லை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, கோட்டைப் போட்டு, மூலைக் கடை டெப்பனருக்குப் போனேன். கடைக்கார லெபனான் மனிதர் பாலைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார்.

"இல்லை. மணந்து பாத்துச் சொல்லுங்கோ. குடிக்கலாமோ?"

அவர் முகக்கவசத்தை இறக்கி மணந்தார். "குடிக்கலாம், மதாம்."

மெர்ஸி சொல்லி வந்தேன். அந்தப் பாலைக் குடிக்க மனம் வரவில்லை.

பொய் ஒஃபீஸில் தொடங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, ரொக்ஸ்பரோவுக்குப் போனபோது அண்ணி சுறாப்புட்டு அவித்திருந்தாள். எனக்காகவென்றே செய்தது. "எப்பிடி?" என்றாள். வாயில் சூடான மண் போல இருந்தது. "நல்லாயிருக்கு," என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பொய் இவ்வளவு சுகமானதா என்று இருந்தது.

ஒஃபீஸ் திறந்தபோது அதையே செய்தேன். கொப்பிகள் ஒன்பதும் இருந்தன. அதே தோட்டங்கள், அதே பழங்கள், வருடம்தான் வேறு. லூக்கை முதலில் மணக்க விட்டு அவருடைய புருவத்தைப் பார்த்துக்கொள்வேன். நாக்கு இனிப்பும் புளிப்பும் சொல்லும், மிச்சத்துக்குக் கொப்பி. ஒன்றரை வருடம் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மூக்குப் போய்விட்டது என்று சொன்னால் நான் மறுபடியும் கோணல் போத்தலுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். அந்தப் பயம்தான். வேறு நியாயம் என்னிடம் இல்லை.

ஒஃபீஸ் குசினி

மேசை கலைந்து ஆட்கள் போனபிறகு லூக் அவர்களை வழியனுப்பக் கீழே போனார். நான் குசினியில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். ரொசாலியா வந்து கதவைச் சாத்தினாள். அவள் கையில் இரண்டு கிளாஸ். இரண்டிலும் அதே வெளிர் பொன்னிற ஸிபிப்போ.

"ஒண்டு கெட்ட போத்தல். மற்றது ரெண்டாவதாத் திறந்தது. எது நல்லது, சொல்லுங்கோ."

நான் ஈரக் கையைத் துடைத்தேன். இடது கையில் இருந்ததை மணந்தேன். வலதை மணந்தேன். மறுபடி இடது. நேரம் எடுத்தால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"இடது கெட்டது. வலதுதான் நல்லது."

"ரெண்டும் ஒரே போத்தல்," என்றாள்.

குழாயை நான் சரியாகப் பூட்டவில்லை. அது சொட்டுகிற சத்தம் கேட்டது.

"எப்ப துவக்கம்?"

சொன்னேன். நோய், மாதங்கள், எல்லாம். அவள் இரண்டு கிளாஸையும் தொட்டிக்குள் கவிழ்த்தாள். அதுவரை என்னோடு 'வூ' என்று மரியாதையாகப் பேசியவள், அந்த இடத்தில் 'தூ' என்று மாறினாள். பிரெஞ்சில் அது நெருக்கமாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம்.

"பியேத்ரோ செத்த வருசத்துப் பாசித்தோ. நான் முதல் முதல் தனியச் செய்தது. சாம்பிள் அனுப்பினன். பத்து வருசத்தில இதுதான் நல்ல பாசித்தோ எண்டு எழுதினாய். அதை மணந்தனியோ?"

"இல்லை."

"அவற்ற தம்பி தோட்டத்தை ஹோட்டல்காரருக்கு வித்துப்போடுவம் எண்டு நிண்டவன். நான் உன்ர கடிதத்தைத்தான் அவனுக்கு வாசிச்சுக் காட்டினன். அதாலதான் விக்கேல்லை. கேக்குதோ? கொடி வெட்டி, குழி துப்பரவாக்கி, ஒரு வருசத்துக்கு மேல அந்தக் காத்துக்குள்ள நிண்டிருக்கிறன். நீ பாக்காமலே சொன்ன சொல்லுக்கு."

மன்னிப்புக் கேட்டேன். அது அந்தக் குசினியில் மிகவும் சின்னதாகக் கேட்டது.

"லூக்குக்கு நான் சொல்ல மாட்டன்," என்றாள் கதவைத் திறந்துகொண்டு. "நீ சொல்லு."

லூக் சொன்னது

அன்றே சொன்னேன். லூக் தன் அறையில் நின்றபடி கேட்டார். முடிந்ததும் கதிரையில் இருந்தார்.

"எத்தினை வைன்?"

"எல்லாம்."

கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "எனக்குச் சொல்லியிருந்தால், ரெஷீன், உங்களுக்காக நான் மணந்திருப்பனே," என்றார்.

இரண்டு மாதமாக அவர் எல்லாவற்றையும் மறுபடி ருசி பார்த்தார். இரண்டு வைனைப் பட்டியலில் இருந்து எடுத்தார். வாங்கியவர்களுக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதினார். அதில் என் பெயரைப் போடவில்லை. என்னை வேலையால் நிற்பாட்டவும் இல்லை. நான் பயந்தபடியே ஸ்டிக்கர் மேசைக்குத் திரும்பினேன். முன்பெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் மேசையடிக்கு வந்து நின்று, "வாறீங்களோ?" என்று கேட்பார். பிறகு கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

கார்ட்டியர்வில்லில் ஒரு பின்னேரம்

அதே கிழமை, ரொசாலியா ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் பின்னேரம் என் வீட்டு மணி அடித்தது. லூக்கிடம் முகவரி வாங்கி டாக்ஸியில் வந்திருந்தாள். கையில் ஒரு அரைப் போத்தல். அந்த வருடத்துப் பாசித்தோ.

அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அன்ரனின் படம், மாதாவின் சொரூபம், பூட்டிய இரண்டாவது அறை. என்னிடம் வைன் கிளாஸ் கிடையாது. வீட்டில் நான் குடிப்பதில்லை. தேத்தண்ணிக் கிளாஸில் ஊற்றினாள். பழைய தேன் நிறம்.

"மணத்தை விடு," என்றாள். "நாக்கு இருக்குத்தானே. உள்ளதைச் சொல்லு."

வாயில் வைத்தேன். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாகக் கொப்பியை நினைக்காமல் வைத்தேன்.

"இனிப்பு," என்றேன்.

"அது குழந்தைக்கும் தெரியும்."

"புளிப்பு பிந்தி வருது. இனிப்போட சேர்ந்து வந்திருக்க வேணும். முடியேக்க நாக்கின்ர அடியில ஒரு கசப்பு நிக்குது. சின்னக் கசப்பு இல்லை. போக மாட்டன் எண்டு நிக்குது."

அவள் தன் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நாலு நாள் கூட விட்டிட்டன்," என்றாள். "காய்ஞ்ச பழத்தை எப்ப எடுக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. ஒவ்வொரு காலமையும் போய் நிண்டன். அவர் என்னத்தை மணந்தவர் எண்டு எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. விதைக் கசப்பு இறங்கிட்டுது. எனக்குத் தெரியும். ஆனா நீ நல்லது எண்டாய். அதால என்ர நாக்குத்தான் பிழை எண்டு நினைச்சன்."

பிறகு அழுதாள். எனக்கு அவளைத் தொடலாமா என்று தெரியவில்லை. தொடவில்லை. எழும்பித் தேத்தண்ணி வைத்தேன். அதை முழுவதும் குடித்தாள். கதவடியில் சப்பாத்துப் போடும்போது, "இந்த வருசம் நாலு நாள் முந்தி எடுப்பன்," என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டாக்ஸி முனையில் திரும்பும் வரைக்கும் ஜன்னலில் நின்றேன். அவள் பார்க்கவில்லை.

மிச்சப் பாசித்தோவை ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மிடறாக ஏழு கிழமை குடித்தேன். கசப்புத்தான்.

மஞ்சள் லைன்

கோடை போனது. இலையுதிர்காலமும் போய், நவம்பர் மழை தொடங்கியது. நான் வேலைக்குப் போய் வந்தேன். கோயிலுக்குப் போனேன். அண்ணியிடம் உண்மையைச் சொன்னேன். "அப்ப நான் அந்த நத்தாருக்கு அவிச்ச சுறா?" என்று கேட்டாள். ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

ஒருநாள் காலை, மெட்ரோவில் பெர்ரி ஸ்டேஷனில் இறங்கி மஞ்சள் லைனுக்கு மாறினேன். லொங்குய்க்குப் போகிற ரயில், ஆற்றுக்கு அடியால் போகும். ஆட்கள் நிறைய. மழையில் நனைந்த ஒரு மனிதர் வந்து எனக்கு முன்னால் நின்று மேல்கம்பியைப் பிடித்தார். பெரிய கறுப்புக் கம்பளிக் கோட்டு. அவருடைய கை என் முகத்துக்கு நேரே.

ரயில் வெளிக்கிட்டது. எனக்கு வயிற்றைப் பிரட்டியது.

ஏன் என்று முதலில் விளங்கவில்லை. சாப்பிட்டது சரியில்லையோ என்று நினைத்தேன். பிறகுதான் அது வயிற்றில் இல்லை, மேலே, கண்ணுக்கு நடுவே இருக்கிறது என்று பிடிபட்டது.

"மொஸ்யூ," என்றேன். "உங்கட கோட்டு நாறுது."

"பார்தோன்?"

"நாறுது, மொஸ்யூ. நல்லா நாறுது. மெர்ஸி."

அவர் தன் கையை மணந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். பெட்டியின் மறு முனைக்கு நடந்தார். எதிரே இருந்த பெண் பிள்ளை ஃபோனில் இருந்து நிமிர்ந்து, கண்ணீர் ஓடச் சிரித்துக்கொண்டிருந்த என்னைக் கண்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

லொங்குய்யில் இறங்கி மேடையில் நின்றேன். யாருக்கு முதலில் சொல்வது? ஃபோனில் பெயர்களைத் தள்ளினேன். அண்ணை. லூக். தள்ளிக்கொண்டு போய் ஒரு பெயரில் நின்றேன். மார்ச்சுக்குப் பிறகு நாங்கள் கதைத்ததில்லை. அங்கே அப்போது பின்னேரம்.

எடுத்தாள். அவளுக்குப் பின்னால் காற்றின் இரைச்சல்.

"ரொசாலியா, நான் றெஜினா. எனக்கு மணந்தது. இப்ப. மெட்ரோவில."

"என்ன மணந்தது?"

"நனைஞ்ச கம்பளி."

"அதைக் கண்ணாலயும் சொல்லலாம்."

நியாயம்தான். கண்ணை மூடினேன். "கம்பளிக்குள்ள நாய். கிழட்டு நாய். அந்தாளோட நாய் வரேல்லை."

"பேந்து?"

"பேந்து எரிஞ்ச ரப்பர் மாதிரி ஒண்டு. அது கோட்டில இருந்ததோ, என்ர மூக்குத்தான் பிழையாக் காட்டினதோ… தெரியேல்லை."

"தெரியேல்லை எண்டு நீ சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன்," என்றாள். அவள் சிரிக்கிறாளா என்று காற்றில் பிடிபடவில்லை. கதவொன்று சாத்துப்பட்டது. அவள் உள்ளே வந்திருக்க வேண்டும், இரைச்சல் நின்றது. கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"இருந்திட்டன்," என்றாள். "பேந்து?"